ஆக்சிலேட்டரை மிதித்தால் பழைய கார் ஏன் திணறுகிறது?

சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். வண்டி உடனே கிளம்பாமல் அரை நொடியோ ஒரு நொடியோ தயங்குகிறது, சில சமயம் ஒருமுறை குலுங்குகிறது, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வேகமெடுக்கிறது. மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் போன்ற, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளை இன்றும் ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கும், 2000ஆம் ஆண்டையொட்டி வந்த கணினியின் சொற்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் முதல் தலைமுறை எம்பிஎஃப்ஐ கார்களை ஓட்டுகிறவர்களுக்கும் இது பழகிய தொல்லை. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் பிளக் மாறும், அதில் சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், அதிலும் தீரவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், காயில் என்று பட்டியல் நீளும். செலவு ஏறிக்கொண்டே போகும். திணறல் மட்டும் அப்படியே இருக்கும். இன்ஜின் தன் உடல்நிலையைப் பற்றித் தரும் தகவல்களிலேயே மிகத் தெளிவானது இந்தத் திணறல்தான் என்பது என் உறுதியான கருத்து. அது எந்தக் கணத்தில், எந்தச் சூட்டில், எப்படி மிதித்தால் வருகிறது என்று கூர்ந்து கவனித்தால், எந்தப் பாகத்தைச் சோதிக்க வேண்டும் என்பது ஒரு ஸ்பானரையும் எடுப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

"பிக்கப் இல்லை" என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு வெவ்வேறு குறைகளைச் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். மிதித்த உடனே ஒரு கணம் தயங்கி, பிறகு வண்டி முழு வலுவோடு இழுத்தால் அதுவே இக்கட்டுரை பேசும் திணறல். எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டே இருந்தாலும் வேகம் ஏறாமல், குறிப்பாக மேம்பாலத்தில் ஏறும்போது, வண்டி சோர்ந்து போனால் அது இழுவைக் குறைவு. ஓட்டத்தின் நடுவே விட்டுவிட்டுத் துள்ளினால் அது மிஸ்ஸிங். இன்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் உயராவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. அதற்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த உரிமையாளரிடம் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

மிதித்த கணத்தில் உள்ளே நடப்பது

பெட்ரோல் இன்ஜினில் நம் கால் நேரடியாகத் திறந்துவிடுவது காற்றைத்தான். மிதியோடு கேபிளால் இணைக்கப்பட்ட த்ராட்டில் தகடு திரும்புகிறது, காற்று உள்ளே போகிறது, அந்தக் காற்றின் அளவுக்கு ஏற்ப பெட்ரோல் வந்து சேர வேண்டும். ஐடிலிங்கில், அதாவது மிதியைத் தொடாமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பாதையான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வலுவான வெற்றிடம் நிலவும். கடல் மட்டத்தையொட்டிய ஊர்களில், நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் வேக்குவம் கேஜ் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவைக் காட்டும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதாக ஆவியாகிறது.

தகட்டைச் சட்டென்று திறந்தால் அந்த வெற்றிடம் நொடிப்பொழுதில் சரிந்துவிடுகிறது. காற்று எடையற்றது போல உடனே பாய்ந்து சிலிண்டரை அடைகிறது. பெட்ரோல் கனமான திரவம், ஜெட் என்னும் நுண்துளையிலிருந்து கிளம்பி வர அதற்குச் சற்று நேரமாகிறது. அதே வேளையில் மேனிஃபோல்டின் அழுத்தம் உயர்ந்துவிடுவதால், அதுவரை ஆவியாக மிதந்துகொண்டிருந்த பெட்ரோலில் ஒரு பகுதி மீண்டும் நீர்மமாகி மேனிஃபோல்டின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. விளைவாக, அந்த ஒரு கணத்துக்குச் சிலிண்டருக்குக் கிடைப்பது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான விகிதம். முடுக்கத்தின்போது இன்ஜினுக்கு இதைவிடப் பெட்ரோல் கூடிய கலவை தேவை. கூட வேண்டிய நேரத்தில் குறைகிறது என்றால், கலவை சரியாகப் பற்றாமல் போவதில் வியப்பில்லை.

இதே கணத்தில் இன்னொன்றும் நடக்கிறது. சிலிண்டருக்குள் அதிகக் காற்று நிரம்புவதால் அமுக்கத்தின் முடிவில் அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர்ந்தால் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே பொறி தாவுவதற்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். கலவை பெட்ரோல் குறைந்ததாக இருந்தால் தேவை இன்னும் கூடும். பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயில் நலிந்திருந்தாலும், பிளக் தேய்ந்திருந்தாலும் ஐடிலிங்கில் சமாளித்துவிடும்; மிதித்த கணத்தில் அவற்றின் பலவீனம் வெளியே வந்துவிடும். எரிபொருள் அமைப்பும் பொறி அமைப்பும் ஒரே நொடியில் கடினமான தேர்வை எழுதுகின்றன என்பதால்தான், எது தோற்றது என்பதைப் பிரித்தறியாமல் பாகம் மாற்றுவது வீண் செலவாகிறது.

இந்தக் கண நேரப் பற்றாக்குறையை ஈடுகட்ட அந்தக் காலத்துப் பொறியாளர்கள் வெவ்வேறு வழிகளைக் கண்டார்கள். மாருதி 800, பத்மினி ஆகியவற்றின் கார்புரேட்டர்களில் ஆக்சிலேட்டர் பம்ப் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. த்ராட்டில் திரும்பும் அதே அசைவில் இந்தப் பம்ப் அழுத்தப்பட்டு, ஒரு சிறு நாசில் வழியாகப் பெட்ரோலைக் காற்றுப் பாதைக்குள் நேராகப் பீய்ச்சுகிறது. பல அம்பாசடர்களில் இருந்த எஸ்.யு. கார்புரேட்டரில் இந்தப் பம்ப் கிடையாது. அதில் மேலும் கீழும் நகரும் ஒரு பிஸ்டன்தான் காற்றுப் பாதையின் அகலத்தை முடிவு செய்கிறது. பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் ஊற்றப்படும் எண்ணெய் அது திடீரென்று துள்ளி எழுவதைத் தடுக்கிறது. பிஸ்டன் மெதுவாக எழும் அந்தக் கணத்தில் ஜெட்டின் மேல் காற்று வேகமாகப் பாய்ந்து கூடுதல் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. ஒரு ஸ்பூன் எண்ணெயைக் கொண்டு இந்த வேலையை முடித்த அந்த வடிவமைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை உண்டாகிறது. எம்பிஎஃப்ஐ கார்களில் த்ராட்டில் எவ்வளவு வேகமாகத் திறக்கப்பட்டது என்பதை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்ல, கணினி இன்ஜெக்டர்களைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது.

பானட்டைத் திறப்பதற்கு முன்

ஆளில்லாத நேரான சாலையில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு விதமாக மிதித்துப் பார்க்க வேண்டும். மிதியை நிதானமாக இறக்கினால் வண்டி தடையில்லாமல் வேகமெடுத்து, படக்கென்று மிதித்தால் மட்டும் திணறினால், சந்தேகம் நேராக ஆக்சிலேட்டர் பம்ப், எஸ்.யு. எண்ணெய் அல்லது த்ராட்டில் சென்சார் மீது விழுகிறது. எப்படி மிதித்தாலும் ஒரு குறிப்பிட்ட திறப்பில் மட்டும் தடுமாறினால், மெதுவான ஓட்டத்துக்கான ஸ்லோ ஜெட்டிலிருந்து வேக ஓட்டத்துக்கான மெயின் ஜெட்டுக்கு மாறும் இடத்தில் உள்ள நுண்துளைகள் அடைத்திருக்கலாம். மிதித்துக்கொண்டே இருக்கும்போது சில நொடிகள் கழித்து வண்டி சோர்ந்தால், கார்புரேட்டரின் மிதவைத் தொட்டிக்குப் பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை.

கார்புரேட்டர் வண்டியில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் ஒரு அருமையான சோதனைக் கருவி. சூடான இன்ஜினில் சோக்கைக் கால்வாசி இழுத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்து பாருங்கள். திணறல் குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று உறுதியாகிறது. கூடினால் ஏற்கெனவே பெட்ரோல் மிகுந்திருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பொறிப் பக்கம் போக வேண்டும். கார்புரேட்டர் வழியாகத் தும்மல் போன்ற வெடிப்பு கேட்டால் அது பெரும்பாலும் பெட்ரோல் குறைந்த கலவையின் அடையாளம். கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் அது எதிர்ப்பக்கம். சமவெளியில் டியூன் செய்த கார்புரேட்டர் வண்டி ஊட்டிக்குப் போனதும் மந்தமாகிக் கரும்புகை விடுவதற்குக் காரணம், 2,200 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதுதான். அங்கே வைத்து ஸ்குரூவைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்கினால் மறுபடி திணறும்.

பொறியை முதலில், கார்புரேட்டரைப் பிறகு

கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவும் உண்மையில் பொறிக் கோளாறுகள் என்பது பழைய மெக்கானிக்குகள் அனைவரும் ஒத்துக்கொள்ளும் செய்தி. அதனால் ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சரிபார்க்காமல் கார்புரேட்டர் ஸ்குரூவில் கை வைக்கக் கூடாது. நலிந்த பொறியை மறைப்பதற்காகக் கலவையைக் கூட்டி வைத்துவிட்டால், பின்னர் பொறியைச் சரிசெய்த பிறகு கலவை தவறாகிவிடும். ஒரு கோளாறு இரண்டாகும்.

நான்கு பிளக்குகளையும், மாருதி 800ஆக இருந்தால் மூன்றையும், கழற்றிய வரிசை மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் இளம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நலம். சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் பக்கம் கவனம் போக வேண்டும். எல்லாம் ஒரே நிறமாக இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால், கோளாறு கார்புரேட்டருக்கு அப்பால், அந்த ஒரு சிலிண்டரில் இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை விட்டு நிறுத்திப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட் உள்ள வண்டிகளில் இடைவெளி முக்கியம். அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி சுமார் 0.64 மில்லிமீட்டர். பாயிண்ட் தேயத் தேய இடைவெளி மாறி, பொறி விழும் நேரமான டைமிங்கும் கூடவே நகர்ந்துவிடும். பாயிண்டின் ஒரு பக்கம் குழியாகவும் மறுபக்கம் மேடாகவும் இருந்தால் பாயிண்டில் தீப்பொறி பறப்பதை அடக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். சந்தையில் இப்போது கிடைக்கும் கண்டென்சர்களின் தரம் சீராக இல்லை. புதியது என்பதற்காக அதை நம்பிவிட முடியாது, வேலை செய்துகொண்டிருக்கும் பழையதைத் தூக்கி எறியவும் கூடாது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு குறை இருக்கிறது. அதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முடுக்கத் திணறலோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கோளாறு வேறில்லை. பாயிண்ட் பொருத்தப்பட்டிருக்கும் தகடு அசையாமல் நிற்பதில்லை. வெற்றிடத்தைக் கொண்டு டைமிங்கை முன்னேற்றும் வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் அது சில டிகிரி திரும்புகிறது. அந்தத் தகட்டுக்கு ஒரு மெல்லிய எர்த் ஒயரும், பாயிண்டுக்கு ஒரு சிறு ஒயரும் போகின்றன. ஆண்டுக்கணக்கில் மடங்கி மடங்கி, வெளியே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். ஐடிலிங்கில் தகடு ஒரே இடத்தில் நிற்பதால் மிச்சமுள்ள இழைகள் வழியாக மின்சாரம் போய்வரும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் தகடு திரும்புகிறது, ஒயர் இழுபடுகிறது, தொடர்பு விட்டுப்போகிறது, பொறி நின்று வண்டி குலுங்குகிறது. அடுத்த கணமே தொடர்பு ஒட்டிக்கொள்ள வண்டி ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை ஒயரின் இரு முனைகளில் வைத்து, தகட்டை விரலால் திருப்பிக்கொண்டே முள்ளைப் பார்த்தால் போதும். ஒயரின் விலை மிகச் சொற்பம். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரையே புதிதாக வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

அதே இடத்தில் வேக்குவம் அட்வான்ஸையும் சோதித்துவிடலாம். ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சினால் தகடு திரும்ப வேண்டும். குழாயை நாவால் அடைத்துக்கொண்டால் தகடு திரும்பிய இடத்திலேயே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் உள்ளே டயாஃபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. கீழே உள்ள எடைக்கற்களும் ஸ்பிரிங்குகளும் துருவேறி இறுகிவிட்டால், இன்ஜின் வேகம் கூடும்போது டைமிங் முன்னேறாமல் வண்டி மந்தமாகும். நடுவே சுழலும் ரோட்டாரைக் கையால் சற்றுத் திருப்பி விட்டால் அது தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்புறத்தில் பென்சில் கோடு போலத் தெரியும் கரிக்கோடு, மின்சாரம் பிளக்கைத் தவிர்த்துக் குறுக்கு வழியில் ஓடிய தடம். அதைத் துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிக்க மற்றொருவர் ஒயர்களைப் பார்த்தால், பழுதான இடத்தில் நீல நிறப் பொறி தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலையில் மட்டும் திணறும் வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இங்கேதான்.

கார்புரேட்டருக்குள்

பொறிப் பக்கம் சரி என்று தெரிந்தால், இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் படக்கென்று திறக்க வேண்டும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. த்ராட்டில் அசைந்த அந்தக் கணமே நாசிலிலிருந்து பெட்ரோல் ஊசி போல மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். த்ராட்டில் பாதி திரும்பிய பிறகே பீய்ச்சினால் பம்ப் லிங்க் தேய்ந்திருக்கிறது. சொட்டாக விழுந்தால் நாசில் அடைத்திருக்கிறது. முதல் அசைவில் வந்து அடுத்தடுத்த அசைவுகளில் வராவிட்டால் பம்புக்குள் பெட்ரோலை அனுமதிக்கும் சிறு குண்டு வால்வு சரியாகத் திறக்கவில்லை. எதுவுமே வராவிட்டால் பம்பின் ரப்பர் கிழிந்தோ விறைத்தோ போயிருக்கும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கார்புரேட்டர் சர்வீஸ் என்று சொல்லிப் பணம் வாங்கும் எவரும் இதை உரிமையாளரின் கண்முன்னே செய்து காட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன்.

எஸ்.யு. கார்புரேட்டரில் மேலே உள்ள பித்தளை அல்லது பிளாஸ்டிக் மூடியைத் திருகி எடுத்து, மீண்டும் இறக்கும்போது அது உட்காருவதற்குச் சற்று முன்பே எண்ணெயின் எதிர்ப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எண்ணெய் வற்றிவிட்டது. கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினால் பிஸ்டன் எழ மறுக்கும், மிக மெல்லிய எண்ணெயானால் எண்ணெயே இல்லாதது போலாகும். பிறகு பிஸ்டனை விரலால் முழுவதும் தூக்கி விட்டால், அது தடையின்றி இறங்கி அடியில் "டக்" என்று தட்டும் ஒலி கேட்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் உள்ள சிறு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கினால், வேகம் ஒரு கணம் உயர்ந்து பழைய நிலைக்கு வருவது சரியான கலவை. உயர்ந்தபடியே இருந்தால் பெட்ரோல் மிகுதி, உடனே விழுந்தால் பெட்ரோல் குறைவு.

கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் பெட்ரோல் போதாத கலவை வருகிறது என்றால், அளக்கப்படாத காற்று வேறெங்கிருந்தோ நுழைகிறது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட், வளைந்துபோன அடிப்பகுதி, தேய்ந்த த்ராட்டில் தண்டு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய் ஆகியவையே வழக்கமான இடங்கள். பூஸ்டர் குழாயைக் கிளிப் போட்டு நெருக்கிப் பிடித்தவுடன் ஐடிலிங் மாறினால் கசிவு அங்கேதான். அந்தச் சோதனையை நின்ற வண்டியில் மட்டுமே செய்ய வேண்டும். பூஸ்டர் இல்லாமல் பிரேக் கல்லாகிவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெயில் நாட்டில் எதற்கு என்று கேட்டு, இன்ஜின் சூடாகிறது என்ற புகாரோடு வந்த வண்டிகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல பட்டறைகளில் நெடுங்காலப் பழக்கம். தெர்மோஸ்டாட் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி, இன்ஜின் விரைவில் சூடாக உதவுகிறது. மாருதி 800 போன்ற வண்டிகளில் அந்த வெந்நீர்தான் இன்டேக் மேனிஃபோல்டையும் சூடாக்குகிறது. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில், குறிப்பாக மார்கழி, தைக் காலைகளில், மேனிஃபோல்டு நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும்; பெட்ரோல் சுவரில் ஒட்டும், முதல் சில கிலோமீட்டர்களுக்கு வண்டி திணறும். எம்பிஎஃப்ஐ வண்டியில் கணினி இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிக் கூடுதல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சூடாகும் புகாருக்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ ஓடாத ஃபேனாகவோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தவறான வேலை என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.

பெட்ரோல் வரும் வழியும் இன்றைய பெட்ரோலும்

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையிலான பாதையில் ஃபில்டர் அடைப்பு, நாம் ஏசி பம்ப் என்று அழைக்கும் இயந்திரப் பம்பின் டயாஃபிரம் கிழிவு, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு ஆகிய மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு திணறி, டேங்க் மூடியைத் திறந்ததும் "புஸ்" என்ற ஒலியோடு காற்று உள்ளே போய், வண்டி சரியானால் விடை கையில் கிடைத்துவிட்டது.

இப்போது விற்கப்படும் பெட்ரோலே ஒரு காரணமாகியிருக்கிறது. இந்தியாவில் 10 சதவீத எத்தனால் கலப்பு 2022இல் எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடு முழுவதும் பரவலாகிவிட்டது. எத்தனால் முழுமையாக எரிய அதன் எடையைப் போல ஒன்பது மடங்கு காற்று போதும். எனவே 20 சதவீதக் கலப்புக்குச் சரியான விகிதம் 14.7இலிருந்து ஏறக்குறைய 13.5ஆக இறங்குகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் இதை உணர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டோ ஒரே அளவுத் துளை; அது பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். விளைவாகக் கலவை எட்டு சதவீதம் அளவுக்குப் பெட்ரோல் குறைந்த பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே விளிம்பில் நின்ற வண்டி இதனால் திணறத் தொடங்கும். எத்தனால் ஆவியாகக் கூடுதல் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் குளிர்ந்த இன்ஜினில் இது மேலும் உறைக்கும். அந்தக் காலத்து ரப்பர் டயாஃபிரம்களும் குழாய்களும் எத்தனாலில் ஊறி உப்பியோ விறைத்தோ போகின்றன. டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் பழைய வண்டிகளுக்கு இது பெரிய கேடு. எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் செய்த டயாஃபிரம், குழாய்களைப் போடுவதும், தேவைப்பட்டால் தேர்ந்தவரைக் கொண்டு ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவதும், டேங்கை வெகுநாள் பாதியாக வைத்திருக்காமல் இருப்பதும்தான் செய்யக்கூடியவை.

எம்பிஎஃப்ஐ வண்டிகளில்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் வெளிவந்த சான்ட்ரோவும், அதன் பின் எம்பிஎஃப்ஐக்கு மாறிய மாருதி 800ம் இப்போது பழைய கார்கள்தான். இவற்றில் ஆக்சிலேட்டர் பம்பின் வேலையைச் செய்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார். அதற்குள் கரிப் பூச்சின் மேல் ஒரு முள் நகர்கிறது. மூடிய நிலையில் அரை வோல்ட்டையொட்டித் தொடங்கி, முழுத் திறப்பில் நான்கு வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். நகரப் போக்குவரத்தில் கால் எப்போதும் மிதியின் முதல் கால்பங்கிலேயே இருப்பதால், பூச்சு அங்கேதான் தேயும். முள் அந்தத் தேய்ந்த இடத்தைக் கடக்கும்போது வோல்ட் ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுகிறது. ஓட்டுநர் மிதியை விட்டுவிட்டார் என்று கணினி எண்ணிப் பெட்ரோலைக் குறைக்கிறது. இதைப் பிடிக்க முள் வைத்த பழைய வகை மல்டிமீட்டரே சிறந்தது. த்ராட்டிலை மிக மெதுவாகத் திறக்கும்போது முள் சீராக ஏறாமல் எங்கே துடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். எண் காட்டும் மீட்டர் அந்தத் துடிப்பைத் தவறவிட வாய்ப்புண்டு.

அடுத்து, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். அதற்குப் போகும் மெல்லிய குழாய் உள்ள வண்டிகளில் குழாய் வெடித்தாலோ எண்ணெய் அடைத்தாலோ, அழுத்தம் மாறிய செய்தி கணினிக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். இன்ஜின் சூட்டைச் சொல்லும் கூலண்ட் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் பொதுவாக இரண்டு, மூன்று ஆயிரம் ஓம், 80 டிகிரியில் சில நூறு ஓம் என்ற அளவில் இருக்கும். அது எப்போதும் சூடாகவே காட்டினால் குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் திணறும். டேங்கிற்குள் இருக்கும் மின்பம்ப் சுமார் 3 பார் அழுத்தம் தர வேண்டும்; ஐடிலிங்கில் மட்டும் அளந்துவிட்டுச் சரி என்று சொல்லக் கூடாது, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் அழுத்தம் சரியாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எந்தச் சென்சாரும் பழுதில்லை என்று முடிவு கட்டவும் முடியாது. முழுதாகச் செத்த சென்சாரைத்தான் அந்தக் காலத்துக் கணினிகள் எளிதில் கண்டுகொள்ளும், தேய்ந்ததை அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் அகப்படாவிட்டால் இன்ஜினின் உடலையும் புகைபோக்கியையும் பார்க்க வேண்டிய கட்டம். கம்ப்ரஷன் சோதனை, வால்வு இடைவெளி, ஒரு பல் தாவிய டைமிங் பெல்ட் ஆகியவை இங்கே வரும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், உள்ளே உருகி அடைத்துவிட்டாலும் வண்டி இழுக்காது. வேக்குவம் கேஜை மாட்டி, நின்றபடியே இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தி வைத்தால், அடைப்பு உள்ள வண்டியில் முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும். அப்படி இறங்கினால் எக்ஸாஸ்ட் பைப்பை மேனிஃபோல்டை அடுத்த இணைப்பில் சற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் முள் நிலைத்து நின்றுவிட்டால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கன்வெர்ட்டர்தான்.